சீமாட்டியும் என் பொத்தான் டப்பாவும்

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன். பின்னால் சொல்ல வேண்டியதை மறந்தே போவேன். அதிலும் இது கார் விஷயம். ஒரு திருகின் பெயரை மாற்றிச் சொன்னால்கூட என் வீட்டுக்காரர் இரண்டு வேளை சாப்பிட மாட்டார். அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். கார் படம் போட்ட புத்தகத்தைத் தவிர வேறு எதையும் அவர் தொடுவதில்லை. அதனால் இந்தக் கதைக்குப் படம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் பார்வையைச் சரிசெய்கிற மனிதர், கல்யாணமான புதிதில் ஒரு காரைப் பார்த்துத் தன் பார்வையைக் கெடுத்துக்கொண்டார். ஐரோப்பாவில் செய்த கார். எஞ்சின் பந்தயக் காருடையது, கதவு மட்டும் குடும்பக் கார் போல நாலு. "குடும்பத்தோட பறக்கலாம்" என்று சொல்லித்தான் வாங்கினார். வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் இருநூறு வரை எண் போட்டிருக்கும். அந்த முள் முப்பதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வெயிலில் எடுத்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள மரப்பலகை வெடிக்கும். மழையில் எடுத்தால் துரு பிடிக்கும். மேகமூட்டமாக இருந்து, காற்றும் அடிக்காமல், அவருக்குக் கடையும் இல்லாத நாளில் தெருமுனை வரை போய் வருவோம். ஏறும் முன் நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அதற்கு வைத்த பெயர் சீமாட்டி. நான் பிறந்த வருஷம் செய்த வண்டி அது. வயது ஏற ஏற அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறதாம். எனக்கும் அதே வயதுதான்.

எங்கள் வீட்டில் உள்ள நல்ல அறை அந்தக் கார் ஷெட். வெளிச்சம் வரும், காற்று வரும், கதவு உண்டு. தையல்காரியான நான் அடுக்களை மூலையில் மிஷினைப் போட்டுத் தைத்தேன். ஒரு நாள் வாடிக்கைக்காரி ஒருத்தியின் வெள்ளைத் துணியில் மிளகாய்ப்பொடி கொட்டிவிட்டது. அன்று அழுத அழுகையில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, அந்த ஷெட்டை எனக்குக் குடுங்களேன்."

"சீமாட்டி எங்க போவா?"

"நான் எங்க போவேன்?"

ஒரு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை காரை வெளியே எடுத்தார். மாலையில் நடந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"குடுத்துட்டேன்" என்றார்.

"யாருக்கு?"

"பழைய கார் அருங்காட்சியகம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. தானமா குடுத்துட்டேன். இனிமே அவ ஊருக்குச் சொந்தம்."

கேட்டது கிடைத்துவிட்டால் இப்படிக் கஷ்டமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஷெட்டுக்கு வெள்ளை அடித்தேன். மிஷினை ஜன்னலோரம் போட்டேன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். என் வாழ்நாளில் எனக்கென்று சாத்திக்கொண்ட முதல் கதவு அது. சாத்திக்கொண்டு அழுதேன்.

அவரோ பெருமூச்சு விட ஆரம்பித்தார். ஒரு பெருமூச்சுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பெருமூச்சுக்கு டி.வி. ரிமோட்டைக் கொடுத்தேன். மூன்றாவதாக நீளமாக ஒன்று விட்டார், சாய்வு நாற்காலி வந்தது. பாவம், மனிதர் தன் உயிரையே கொடுத்துவிட்டு நிற்கிறாரே என்று நான் உருகிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறுதோறும் அருங்காட்சியகம் போய் வருவார்.

"நானும் வரேங்க. ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"விட மாட்டாங்க."

"ஏன்?"

"குடுத்தவங்க வீட்டுப் பொம்பளைங்க வந்தா காரைக் கட்டிப் பிடிச்சு அழறாங்களாம். கண்ணாடியெல்லாம் கைரேகை. அதனால சட்டம் போட்டுட்டாங்க."

நம்பினேன். அழுகிற ஜாதி நான், எனக்கு அந்தச் சட்டம் நியாயமாகவே பட்டது.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் பெரிய பாத்திரத்தின் மூடியை எடுக்கப் போனேன். பிடி இல்லை. பிடி இருந்த இடத்தில் ஒரு பாட்டில் கார்க் செருகியிருந்தது.

அந்தப் பிடியைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். சீமாட்டியின் கியர் கம்பியில் மரக்குமிழ் ஒன்று இருந்தது. தோல் போட்ட புதுக் குமிழ் வாங்கிப் பொருத்திய மோகத்தில் பழையதைக் கழற்றி எறிந்தார். நான் எடுத்துப் பாத்திர மூடியில் திருகிக்கொண்டேன். சுடாது, வழுக்காது, கைக்கு அடக்கம். எத்தனையோ வருஷமாகச் சோற்றுப் பானையைத்தான் கியர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, மூடிப் பிடி எங்க?"

"எந்த மூடி?"

"பெரிய மூடி. யாரோ கழட்டிட்டு கார்க் வெச்சிருக்காங்க."

"எலியா இருக்கும்."

"எலி கார்க் வெக்குமா?"

"இந்தக் காலத்து எலியை நம்ப முடியாது" என்று சொல்லி, ஒரு பெருமூச்சு விட்டார். பழக்கதோஷத்தில் நான் காபி போடப் போய்விட்டேன்.

மறுநாள் வக்கீல் மனைவி தையலுக்கு வந்தாள். வக்கீல் வீடு எங்கள் தெருவிலேயே பள்ளத்தில் கடைசி வீடு. என் வீட்டுக்காரருக்கு வக்கீல் பள்ளிக்கூட சிநேகிதர். பாவாடையின் கீழ்விளிம்பை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வாய் நிறையக் குண்டூசி.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன பொறுமை! நேத்து மதிப்பு போடறவர் ஒருத்தர் எங்க ஷெட்டுக்கு வந்தாரு. காந்தத்தை வெச்சு வெச்சு இழுத்துப் பாக்கறாரு, உங்க சீமாட்டி உடம்பு பூரா."

"ம்?"

"தகரத்துல ஓட்டை விழுந்து பட்டி பூசி மறைச்சிருந்தா காந்தம் ஒட்டாதாம். எல்லா இடத்திலயும் ஒட்டிச்சு. அவரே அசந்துட்டாரு."

"ம்ம்?"

"செஞ்சப்போ இருந்தது எல்லாம் அப்படியே இருக்காம். கியர்ல மட்டும் தோல் குமிழ் போட்டு மானத்தை வாங்கிட்டீங்கன்னு திட்டினாரு. பழைய மரக்குமிழ் இருந்தா மதிப்பு எங்கயோ போயிடுமாம். உங்க வீட்டுக்காரர் ஓடோடிப் போய் எங்கிருந்தோ கொண்டு வந்துட்டாரு. ஒரே சோத்து வாசனைக்கா!"

வாயில் குண்டூசி இருந்ததால் நான் அலறவில்லை. வக்கீல் தொழில் பழக்கத்தில் எந்த விஷயத்தையும் மனைவியிடம் சொல்வதில்லை. ஆகவே இது ரகசியம் என்பதையும் சொல்லவில்லை.

பாவாடையைக் கொடுக்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன். வக்கீல் வீட்டு ஷெட்டின் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். நீலப்பூ போட்ட போர்வை போர்த்திக்கொண்டு நின்றாள் சீமாட்டி. கொடியிலிருந்து காற்றில் பறந்துபோனதாக நான் தேடிக்கொண்டிருந்த என் போர்வை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. இந்த மனிதரின் உயிரை நான் பிடுங்கவில்லை, பள்ளத்து வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று நெஞ்சுப் பாரம் இறங்கியது. திரும்பி மேடு ஏறும்போதுதான் நான் போட்டுக் கொடுத்த காபிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டால் என்ன ஆகும்? "ஆமாம், கண்டுபிடிச்சிட்டே, இனிமே என்ன ஒளிச்சு வெக்கறது" என்று அன்றைக்கே காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுவார். பொய் இருக்கும் வரைதான் என் அறை இருக்கும். நான் பொய்க்குக் காவல் இருந்தேன்.

ஆனால் பொய்யும் சும்மா இருக்கவில்லை. வக்கீல் புதுக் கார் வாங்கினார். அவருடைய ஷெட் அவருக்கே வேண்டியிருந்தது. அன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரு கெட்ட சேதி. அருங்காட்சியகத்தை மூடறாங்க."

"ஐயோ! ஏன்?"

"கூட்டம் வரலை. குடுத்தவங்க அவங்கவங்க காரைத் திருப்பி எடுத்துக்கணுமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கலை. ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு வந்துடணும்."

"எங்க நிறுத்துவீங்க?"

"வேற எங்க? அடுக்களை மூலை காலியாத்தானே இருக்கு... உன் மிஷினுக்கு."

சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை.

ஜன்னலோரம் இருந்த மிஷினைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது. அழுதபடியே மறுநாள் துணி தோய்த்தேன். அவர் சட்டைப் பையில் ஏதோ கெட்டியாகக் கையில் தட்டியது.

ரோட்டர்! இதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் அளவு, கரும்பழுப்பு நிறம், தலையில் ஒரு பித்தளைத் தகடு. எஞ்சினுக்குள் சுற்றிச் சுற்றி நெருப்புப்பொறியைப் பங்கு போட்டுக் கொடுக்கிற சாமான். அது இல்லையென்றால் சீமாட்டி வெறும் தகரம். திருடன் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க, காரை நிறுத்தியதும் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் வீட்டுக்காரரின் பழக்கம். எடுத்து வைக்க மறப்பதும் அவர் பழக்கம். வருஷக்கணக்காகத் தோய்க்கிற கல்லிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, "இந்தாங்க உங்க உயிரு" என்று கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

இப்போதும் துடைத்தேன். கொடுக்கப் போகவில்லை. என் பொத்தான் டப்பாவைத் திறந்து அடியில் போட்டேன். மேலே பொத்தான்களைப் பரப்பினேன். கரும்பழுப்புப் பொத்தான்கள் என்னிடம் நிறைய உண்டு.

ஞாயிறு காலை அருங்காட்சியகம் கிளம்பிப் போனவர் அரைமணியில் ஓடி வந்தார். அலமாரியைக் குடைந்தார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ... துணி தோய்ச்சியா?"

"தோய்ச்சேனே."

"சட்டைப் பையில ஏதாவது இருந்துதா?"

"எது?"

"ஏதாவது."

"எதுன்னு சொன்னாத்தானே இருந்துதா இல்லையான்னு சொல்ல முடியும்?"

வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அருங்காட்சியகத்துக் காரின் ரோட்டர் வீட்டுச் சட்டைப் பைக்கு எப்படி வந்தது என்று அவர் எனக்குச் சொல்லியாக வேண்டும்.

"பேனா மூடி" என்றார்.

"பேனா எங்க?"

"அதுவும் தொலைஞ்சுபோச்சு."

மறுவாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அருங்காட்சியகத்தில் வழுக்கி விழுந்துவிட்டாராம். அதே நாளில் வக்கீலும் இடுப்புப் பிடித்துப் படுத்திருந்தார். சீமாட்டியைத் தள்ளி மேடேற்றப் பார்த்திருக்கிறார்கள். நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

"அருங்காட்சியகத்தை எப்போ மூடறாங்களாம்?"

"தள்ளி வெச்சிருக்காங்க" என்றார் முனகிக்கொண்டே.

கட்டி இழுத்து வர அவருக்கு மனம் வரவில்லை. இத்தனை பேர் பார்த்த தெருவில் சீமாட்டியைக் கயிற்றில் கட்டியா? கடல் தாண்டி எழுதிக் கேட்டு ஒரு ரோட்டர் தருவித்தார். வேறு மாடலுக்கு உரியது வந்தது. இன்னொன்றுக்கு எழுதினார். அந்த வருஷத்து வண்டிக்கு இப்போது யாரும் செய்வதில்லையாம். வக்கீலின் புதுக் கார் வெயிலில் நிற்கிறது. வக்கீல் இவரோடு பேசுவதில்லை.

ஜெயித்தவள் நான்தான். அப்படித்தான் கணக்கு வருகிறது. ஆனால் மனிதர் இப்போது பெருமூச்சு விடுவதில்லை. முன்பு விட்டதெல்லாம் காபிக்காக விட்டது. இப்போது நிஜமாகவே வருத்தம் வந்திருக்கிறது, சத்தமே இல்லை. சீமாட்டி இங்கே இருந்தபோது ஞாயிறு காலையில் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எல்லாம் சரியாக இருந்தால் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். இப்போது அந்தக் குழாய் ஆணியில் தொங்குகிறது. மிஷினை மிதிக்கும்போது சில சமயம் நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். சீமாட்டி இருமி, தும்மி, அப்புறம் முணுமுணுக்கிற அந்தச் சத்தம் எனக்கும் வேண்டியிருக்கிறது போலிருக்கிறது.

திருப்பி வைத்துவிடலாம் என்று நினைக்காத நாள் இல்லை. சட்டைப் பையில் போட்டுவிட்டால் போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு நாள் துணிந்து டப்பாவைத் திறந்து, அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் மிஷின் மேல் விழுந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

அப்போதுதான் வெளியே அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, சட்டையில ஒரு பொத்தான் அறுந்துபோச்சு. நீ தைச்சிட்டிரு, எழுந்திருக்காதே. உன் பொத்தான் டப்பா எங்கன்னு சொல்லு, நானே எடுத்துக்கறேன்."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நீங்க எதுக்குங்க!" என்று பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடுங்கினேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஓடி வந்து உபசரித்ததில்லையாம். கண் கலங்கிவிட்டார்.

அன்று மாலையே அவர் சட்டைகள் அத்தனையையும் அலமாரியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு பொத்தானையும் இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்து முடித்தேன்.