சடையப்பன் வாங்கிய சாட்டிலைட் போன்

ஒரு காட்டில், செல்போன் டவர் எட்டிக்கூடப் பார்க்காத மலையடிவாரத்தில், சடையப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த மகளுக்குப் பேறுகாலம். போயே ஆகவேண்டும். ஆனால் சடையப்பனுக்குப் பயணம் என்றாலே பயம். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தெரியும்? அதனால் மனைவி மாரக்காளைக் கூட்டிக்கொண்டு மரநாயின் கடைக்குப் போனது.

"விசில் இருக்கு. ஊதினா ஒரு மைலுக்குக் கேக்கும்," என்றது மரநாய்.

"புலிக்கும் கேக்குமே?"

"அதுக்குத்தான் முதல்ல கேக்கும்."

அடுத்து வாக்கி டாக்கியைக் காட்டியது. மலை குறுக்கே வந்தால் அது ஊமையாகிவிடுமாம். கடைசியில், எங்கிருந்தும் பேசலாம் என்று ஒரு சாட்டிலைட் போனை எடுத்து வைத்தது. விலையைக் கேட்டதும் சடையப்பனின் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டன. உயிரைவிடவா பெரிது என்று தனக்கொன்று, வீட்டுக்கொன்று வாங்கிவிட்டது.

"இதுல பேசிக் காசைக் கரைக்காதீங்க," என்றது மாரக்காள். "மிஸ்டு கால் குடுங்க, போதும். முதல் தடவை அடிச்சா போய்ச் சேந்தாச்சு. ரெண்டாவது அடிச்சா சாப்பிட்டாச்சு. மூணாவது அடிச்சா பிள்ளை பொறந்தாச்சு. நான் கட் பண்ணிடுவேன்."

"ஏதாவது ஆபத்துன்னா?"

"கிளம்புற நேரத்துல உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

சடையப்பன் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

பாதி வழியில், சருகு மூடிக் கிடந்த ஒரு பள்ளத்தில் தொபுக்கடீர் என்று விழுந்தது. சுற்றிலும் வழுக்குப் பாறை. பின்னங்கால் வேறு பிசகிவிட்டது. நல்லவேளை போன் இருக்கிறதே என்று வீட்டுக்கு அடித்தது. மாரக்காள் கட் பண்ணியது. பதறிப்போய் மறுபடி அடித்தது. கட். மூன்றாவது முறையும் கட். அதோடு பேட்டரி தீர்ந்தது. வீட்டில் மாரக்காள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தது.

பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இங்கேயே செத்துப்போய்விடுவோம் என்று நினைத்ததும் சடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே ஒரு தவிட்டுக்குருவி வந்து எட்டிப் பார்த்தது.

"காப்பாத்து தாயி! யாரையாவது கூட்டிட்டு வா!"

"அடப் பாவமே," என்றது குருவி. "ஆனா நமக்கெதுக்குங்க ஊர் வம்பு?" சிறகைக் கோதிக்கொள்ளத் தொடங்கியது.

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. குரலைத் தாழ்த்தியது.

"ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிடாத. நம்ம தலைவர் யானையார் இருக்காருல்ல, அவரோட இடது தந்தம் சொந்தத் தந்தம் இல்ல. கட்டுத் தந்தம். நிஜத் தந்தம் இந்தப் பள்ளத்துலதான் கெடக்கு."

"சத்தியமா சொல்ல மாட்டேன்," என்று குருவி சொன்னது மட்டும் கேட்டது. குருவியைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் காடே பள்ளத்தைச் சுற்றித் திரண்டு நின்றது. முன்னால் யானையார், காதை விசிறிக்கொண்டு.

"எவன்டா என் தந்தத்தைப் பத்திப் பேசினது? ஏறி வாடா மேல!"

"கால் பிசகிடுச்சுங்கய்யா."

"அப்ப இந்தக் கிளையைக் கவ்விக்க. மேல தூக்கி வெச்சு மிதிக்கிறேன்."

யானையார் முட்டி போட்டு, கிளையை நீட்டி, கோபத்தோடு ஓர் இழு இழுத்தார். சடையப்பன் மேலே வந்து விழுந்தது. அதே நேரம் பள்ளத்துக்குள் 'ணங்' என்று ஏதோ விழுந்தது. யானையாரின் இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

பொய் சொன்னதாகத்தான் சடையப்பன் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது. யானையார் தும்பிக்கையால் வாயைப் பொத்திக்கொள்ள, காடு மொத்தமும் முண்டியடித்துப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க, அது நொண்டிக்கொண்டே மகள் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டியது.

இப்போது மரநாய் கடையில் சாட்டிலைட் போன்கள் தூசி படிந்து கிடக்கின்றன. தவிட்டுக்குருவி வாடகைக்குக் கிடைக்கும் என்று போர்டு தொங்குகிறது.

நீதி: வழியில் ஆபத்து வந்தால் "காப்பாற்றுங்கள்" என்று கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். "யாரிடமும் சொல்லிவிடாதே" என்று மெல்லச் சொன்னால் போதும்.