ஸ்கவுட் அண்ணையும் இருபது பெடியங்களும்

ஐஸில் ஒருநாளும் கால் வைக்காமல் ஐஸ் ஹாக்கியைக் கரைத்துக் குடித்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பாபடோயிட்டோய்ப் பக்கம் ஒரு குளிர்க்கிடங்கில், உறைந்த பட்டாணிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் ஸ்கவுட் அண்ணை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஸ்கவுட் என்றால் காக்கி நிக்கர் போட்ட சாரணர் இல்லை. விளையாட்டு அணிகளுக்காக ஊர் ஊராகப் போய், எந்தப் பையன் நாளைக்குத் தேறுவான் என்று பார்த்துச் சொல்கிற ஆள். அண்ணையை எந்த அணியும் அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவராகவே சேர்ந்துகொண்டார்.

எல்லாம் கனடாவிலிருந்து அவருடைய மச்சான் அனுப்பிய ஒரு பார்சலில் ஆரம்பித்தது. அதில் அங்குள்ள பெரிய ஹாக்கி அணி ஒன்றின் சட்டை இருந்தது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனிதர், சட்டை அளவாக இருந்த ஒரே காரணத்தால் அந்த அணிக்கே வாழ்க்கைப்பட்டுவிட்டார். அதிலும் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். "அதுகள் விளைஞ்ச பயிர். ஆரும் பாப்பினம்" என்பார். அந்த அணி வருடாவருடம் பதினெட்டு வயதுப் பையன்களாகப் பொறுக்கி, சின்ன அணிகளில் ஆடவிட்டு வளர்க்கும். அந்த நாற்றங்காலில் எப்போதும் இருபது பேர் நிற்பார்கள். பெரிய அணிக்குப் போய்ச் சேருவது இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்று பேர் யார் என்பதுதான் அண்ணையின் கவலை. அவருக்குச் சொந்தமாகவே இரண்டு மகள்கள் உண்டு. அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

எங்கள் கிடங்கில் மைனஸ் இருபது டிகிரி. நாற்பது நிமிடம் உள்ளே வேலை, இருபது நிமிடம் வெளியே வந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். கனடாவில் இரவில் நடக்கிற ஆட்டம் இங்கே மறுநாள் மதியம். அண்ணை ஓய்வறையில் ஹீட்டருக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு கைபேசியில் பார்ப்பார். படம் பத்து வினாடி ஓடும், பிறகு வட்டம் சுற்றிக்கொண்டு அப்படியே நிற்கும். வேறு யாராக இருந்தாலும் கைபேசியை விட்டெறிந்திருப்பார்கள். அண்ணைக்கு அதுவே வசதி.

"இஞ்ச பாரும் தங்கச்சி, நிண்ட இடத்தில வடிவாப் பாரும். முழங்கால் மடிப்பைக் கண்டீரே?"

எனக்கு ஒரு ஹெல்மெட்டும் நாலு புள்ளிகளும்தான் தெரியும். "ஆமா அண்ணே, நல்ல மடிப்பு" என்பேன். எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

பின்லாந்து, ரஷ்யா, சுவீடன் என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் இருபது பேருக்கும் தானே பெயர் வைத்தார். ஆறரை அடி உயரமானவன் முருங்கைக்காய். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலை சீவுகிறவன் மாப்பிள்ளை. கோல் போட்டுவிட்டுத் தானே கைதட்டிக்கொள்கிறவன் எம்.பி. மதிப்பெண் போடும் முறையும் சொந்த முறைதான்.

"விழுறதைப் பாக்கக் கூடாது, தங்கச்சி. எல்லாரும் விழுவினம். எழும்பேக்க ஆரைப் பாக்கிறான் எண்டு பாக்கோணும். நடுவரைப் பாத்தால் பத்துக்கு ரெண்டு. சனத்தைப் பாத்தால் சைபர். ஒருத்தரையும் பாக்காமல் ஓடினால் எட்டு."

இந்தக் கணக்கில், அண்ணை பார்த்த நான்கு வருடமும் முதலிடம் வாங்கியவன் கட்டையன். ஆள் பொறுக்கும் தேர்வின் கடைசிச் சுற்றில், போனால் போகிறது என்று அணி எடுத்துப் போட்ட பையன். மற்றவர்களின் தோள் வரைக்கும்தான் இருப்பான். விழுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற செல்வா மலேசியாக்காரன். அவனுக்கு அண்ணையைச் சீண்டாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"அண்ணே, இந்தக் குள்ளன் பெரிய டீமுக்குப் போவானா? சும்மா சொல்லாதீங்க லா!"

"ஓம், போவான்."

"போகலன்னா?"

"என்ர மீசையை எடுக்கிறன்!"

அந்த மீசை சாதாரண மீசை இல்லை. உள்ளே போய் வந்தால் இரண்டு பக்கமும் வெள்ளைப் பனி பூத்து நிற்கும். புது மேனேஜர் ஒருவர் அதைப் பார்த்துத்தான் அண்ணையை முதலாளி என்று நினைத்துக் கைகொடுத்தார்.

நான்காவது வருடம் முடிகிறபோது அணி கட்டையனைக் கழித்துவிட்டது. செய்தியில் அவனுக்கு அரை வரிதான் கிடைத்தது. முருங்கைக்காயும் எம்.பி.யும் பெரிய அணிக்குப் போனார்கள். மறுநாள் அண்ணை மூக்குவரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். ஹீட்டருக்கு முன்னாலும் கழற்றவில்லை. செல்வாதான் இழுத்தான். அந்த முகத்தில் அவ்வளவு இடம் சும்மா கிடந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் வரைக்கும் வாசல் காவலாளி அவரை அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

"ஐயோ அண்ணே, நான் விளையாட்டுக்குத்தானே கேட்டேன்" என்று செல்வா அழாத குறை.

"சொன்னால் சொன்னதுதான். ஆனா கட்டையன் முதலாம் இடம்தான். அவங்களுக்குக் கண் தெரியேல்ல."

ஜூன் மாதம் இங்கே குளிர் தொடங்கியது. வடக்கே அப்போது கோடை, ஹாக்கி கிடையாது. வேலையில்லாமல் நிற்கிற ஆட்டக்காரர்கள் சிலர் அந்த மாதங்களில் நியூசிலாந்துக்கு வந்து உள்ளூர் அணிகளில் ஆடுவார்களாம். ஒரு நாள் செல்வா கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணே! உங்க நம்பர் ஒன் நம்ம ஊருக்கே வந்துட்டான்!"

அண்ணை படத்தைப் பார்த்தார். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தோம். முகம் விழுந்துவிட்டது.

"இஞ்சயோ? இஞ்ச என்னத்துக்கு வாறான்? பிழைக்கத் தெரியாத பெடியன்."

"நாமளும் இங்கதானே அண்ணே வந்திருக்கோம்" என்றேன்.

"நாங்கள் வந்தது வேற, தங்கச்சி. எங்களை ஒருத்தரும் லிஸ்டில போடேல்லையே."

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் பனியரங்குக்குப் போனோம். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். குளிர்க்கிடங்குக்காரர்களான எங்களுக்கு வியர்த்தது. குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். ஆட்டம் தொடங்கியது. பத்து வினாடி போனது. படம் நிற்கவில்லை. அண்ணையின் தலை இடமும் வலமும் திரும்பித் திரும்பிக் களைத்துப் போனது.

"தங்கச்சி," என்று என் காதில் மெதுவாகச் சொன்னார், "இது இவ்வளவு கெதியா ஓடும் எண்டு நான் நினைக்கேல்ல."

கட்டையன் முதல் நிமிடத்திலேயே விழுந்தான். எழும்போது நடுவரைப் பார்க்கவில்லை. கையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, வந்தவன் போனவன் யாரையும் பார்க்காமல் ஓடினான். அண்ணை எழுந்து நின்று ஏதோ கத்தப் போனார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று அவன் கோல் எதுவும் போடவில்லை. அவன் அணி தோற்றது.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், தின்பண்டக் கடைக்குப் பக்கத்து மேசையில் கட்டையன் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பொட்டலம் சிப்ஸ். அருகில் பார்த்தால் சின்னப் பையன், கன்னம் ஒட்டியிருந்தது.

"போங்க அண்ணே, ஏன் தேறலன்னு கேளுங்க!" என்று செல்வா முதுகில் தள்ளினான்.

நான்கு வருடம் அவனைப் பற்றி ஓயாமல் பேசிய வாய் அடைத்துப் போயிருந்தது. கடைசியில் நான்தான், வெளியாட்களிடம் வாயே திறக்காத நான்தான், போய் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்த மனிதர் நான்கு வருடமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இவருடைய பட்டியலில் எப்போதும் நீதான் முதல்.

அவன் அண்ணையை ஏற இறங்கப் பார்த்தான். யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருப்பான். பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்து அப்படி இல்லை என்று புரிந்துகொண்டான். "என் அப்பாகூட நான்கு வருடம் பார்க்கவில்லை" என்றான்.

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை, எங்கள் மூன்று பேருக்காகவும் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்த புட்டையும் கோழிக்கறியையும் பையிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து, அவன் முன்னால் தள்ளினார். அவன் ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, உறைப்பு. அடுத்த வாயும் வைத்தான். பிறகு நிமிரவே இல்லை.

நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். செல்வா விடவில்லை. "அண்ணே, இப்பதான் கிட்டத்துல பார்க்குறீங்க. எத்தனை மார்க்?"

அண்ணை சட்டென்று திரும்பினார். "எல்லாரும் அங்கால திரும்புங்கோ! பிள்ளை சாப்பிடேக்க பாக்கக் கூடாது. கண்படும்."

நாங்கள் முழித்தோம். அதற்குள், அவனை அத்தனை வருடம் இமை கொட்டாமல் பார்த்திருந்தவர், முதல் ஆளாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.