முன் இருக்கையில் நெல்மூட்டை

புளியங்குளம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் சிவகரனுக்கு,

அத்தான் ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. பூநகரியில் நீரும் பிள்ளைகளும், கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் உம்முடைய அக்கா விமலேஸ்வரியும் சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். இங்கே ஆடு கோழிகள் சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனில் கோல் எடுத்தால் அக்காவும் கட் பண்ணுகிறா, நீரும் கட் பண்ணுகிறீர். அதனால் இதைப் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன்.

நடந்தது இதுதான். போன மாதம் காரைச் சேவிசுக்கு விட்டபோது கராஜ் நாஸிம் பொனற்றைத் திறந்து, ஏதோ இலக்கத்தைப் போனில் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்த வகைக் காரையெல்லாம் கொம்பனி திருப்பிக் கூப்பிட்டிருக்கு. இடப்பக்கத்து எயார்பாக் பிழை. வெடிச்சால் இரும்புத் துண்டு முகத்துக்குப் பறக்கும். கொழும்பிலயிருந்து புதுசு வரும், சும்மாதான் மாத்தித் தருவினம். அதுவரைக்கும் அந்தச் சீற்றில ஒருத்தரும் இருக்கப்படாது" என்றார். இடப்பக்கம் அக்காவின் இடமல்லவா? வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பழைய ஜப்பான் கார் வேண்டாம், லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வாங்குங்கோ, வயலுக்கும் உதவும் என்று அவா படித்துப் படித்துச் சொன்னது உமக்கும் தெரியும். அவா சொன்னதுதான் சரி என்று என் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. "இனிப் பின்னுக்கு இரும்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டா. "காத்து நல்லா வரும்" என்றேன். கண்ணாடி நான்கும் பூட்டி ஏ.சி. போட்டு ஓடுகிற கார்.

சொன்னபடி பின்னுக்கு இருந்தா. சந்தியில் அயல்வீட்டு அழகம்மா மறித்து, "என்ன அண்ணை, ஹயருக்கு ஆள் ஏத்தி ஓடுறியளோ?" என்று கேட்டபோதும் பொறுத்தா. இடையில் நீர் வந்து, நான் தடுக்கமுன் முன்னுக்குப் பாய்ந்து ஏறினீர். வழி முழுக்கத் தேவாரம் பாடியபடி ஓட்டினேன். நீர் அதைப் பக்தி என்று புகழ்ந்தீர். கடைசியில் போன புதன்கிழமை, டிக்கி நிறைய உரம் இருந்ததால் விதைநெல் மூட்டையை முன் இருக்கையில் வைத்தேன். பாரம் இருந்தால் பெல்ட் போடும்வரை அந்தக் கார் கீக்கீ என்று கத்தும், ஆகவே மூட்டைக்குப் பெல்ட்டும் போட்டேன். அக்கா பின்கதவைத் திறந்தவா அப்படியே நின்றா. "நெல்லு மூட்டையைப் பெல்ட் போட்டு முன்னுக்கு இருத்தியிருக்கிறியள். இவ்வளவு காலம் பக்கத்தில இருந்த நான் பின்னுக்கோ?" என்றா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நானோ, "நீரும் மூட்டையும் ஒண்டோ?" என்றேன். என்ன கருத்தில் சொன்னேன், அவாவுக்கு எப்படி விளங்கியது பாரும்! அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டா.

மச்சான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. காரில் போனால், "மெதுவாப் போங்கோ, மாடு நிக்குது" என்று சொல்ல ஆளில்லை. செய்த மடைத்தனத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவாவைக் காப்பாற்றத்தான் பின்னுக்கு இருத்தினேன் என்று சொல்லும். கார் விஷயத்தில் அவா சொன்னதே சரி என்றும் சொல்லும். எப்படியாவது அனுப்பி வையும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்கு என் அன்பு. இதையாவது கட் பண்ணாமல் கொடும்.

இப்படிக்கு,
அத்தான் ராஜரத்தினம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் நாஸிம் புது எயார்பாக்குடன் வந்தார். வந்தவர் நேரே நான் ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைக் கழற்றத் தொடங்கினார். "தம்பி, இடப்பக்கமெல்லோ?" என்றேன். "ஓம் அண்ணை, பொனற்றுக்கு முன்னால, காரைப் பாத்துக்கொண்டு நிண்ட என்ர இடக்கைப் பக்கம்" என்றார். ஆக, இவ்வளவு நாளும் அந்த இருக்கையில் இருந்தவன் நான்தான். மேலே காப்பாற்றினேன் என்று எழுதியதை அடித்துவிடும். ஆபத்தில் இருந்தது அத்தான் என்று மட்டும் அக்காவிடம் சொல்லும். கேட்டால் பதறியடித்து அடுத்த பஸ்ஸில் வருவா. வராவிட்டால், அதை மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.