கசற்றுக்குள் இருந்த என் குரல்

இனிக் கரைவலை இழுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வயது பத்தொன்பது. பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் கல்யாணம் கட்டியதற்கும் பிறகு நான் எடுத்த பெரிய முடிவு இதுதான்.

காரணம், கொழும்பு ரீவிக்காரர். சினிமாப் பாடகர்களின் குரலில் அச்சு அசலாகப் பாடுகிறவர்களைத் தெரிவு செய்ய முல்லைத்தீவுக்கு வருகிறார்களாம். ரீவியில் முகம் வந்தவன் வலை இழுப்பானா? வலைக்காரர் யாகப்பு சம்மாட்டியிடம், "வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்லியே விட்டேன்.

ஒரு சின்னக் குறை. எனக்குப் பாட வராது.

"அப்ப நான் போகட்டே?" என்றாள் என் மனிசி யூலிற்றா. கோயிலில் அவள் பாடினால் சுவாமியாரே பிரசங்கத்தைச் சுருக்குவார்.

"பொம்பிளையள் ரீவியில வாறதோ? குசினியைப் பார்."

"ஓம், பாக்கிறன்."

அவள் அவ்வளவு லேசாக ஓம் சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

முகம் பார்த்து மயங்கக்கூடாதென்று, பாடுகிறவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தித்தான் நடுவர்கள் கேட்பார்களாம். வீட்டில் அத்தான் சவூதியிலிருந்து கொண்டுவந்த ரேப் றெக்கோடர் இருந்தது. அசல் பாடகரின் கசற்றைப் போட்டால்? அசல் பாடகரைப் போல அசல் பாடகரே பாடுவார். ஆர் வெல்லுவது!

தற்செயலாகத் திரை விலகினால் என்று கண்ணாடி முன்னால் வாயசைத்துப் பழகினேன்.

"என்னப்பா, பல்லுக்கொதியோ?"

"பாடுறன்."

"சத்தம் வரேல்லை."

"மனசுக்குள்ள."

"மனசுக்குள்ளயும் சுருதி விலகுது."

கசற்றில் வேறொன்றும் பதியாதபடி அதன் மூலையில் இருந்த பிளாஸ்ரிக் துண்டை உடைத்து வைத்தேன். எனக்கா புத்தி இல்லை?

அந்த நாள் வந்தது. மண்டபம் நிறையச் சனம். திரைக்குப் பின்னால் நான், ஒரு பனையோலைக் கடகம், கடகத்துக்குள் றெக்கோடர், மேலே துவாய். றெக்கோடரின் கட்டையை அமத்தினேன். வாயைத் திறந்தேன்.

பொம்பிளைக் குரல் வந்தது.

பெரிய சினிமாப் பாடகி ஒருத்தியின் குரல் மாதிரியே இருந்தது. அடியில் மட்டும், "சோறு ஆறுது, வாங்கோ" என்று தினமும் கூப்பிடுகிற குரல்.

பாட்டு முடிய ஒரே கைதட்டல்.

"ஆம்பிளை ஒருத்தர் பொம்பிளைக் குரலில இப்பிடிப் பாடுறதோ!" என்று கத்தினார் ஒரு நடுவர். "தம்பி, நீர்தானோ பாடினது?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஓம், நான்தான்!"

கசற் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"வணக்கம் ஐயாமார்," என்றது கடகம். "பாடினது யூலிற்றா. வெளி வாசலில நிக்கிறன். உள்ளுக்கு நிக்கிறவர் என்ர மனுசன். பெட்டி தூக்க வந்தவர்."

நடுவர்கள் சிரித்த சிரிப்பில் திரையே விழுந்தது. நான் இன்னும் வாயசைத்துக்கொண்டு நின்றேனாம். யூலிற்றா கோயில் சீலையோடு வந்து நேரே நின்று பாடினாள். தெரிவில் எடுபட்டாள்.

"துண்டை உடைச்சு வைச்சனான். எப்பிடியடி பதிஞ்சனீ?"

"ஓட்டையில பிளாஸ்ரர் ஒட்டினன். காயமெண்டால் ஒட்டத்தானே வேணும்."

அவள் பாடியது ரீவியில் போன அன்று, பின்னேரமே ஊர் முழுக்க யாகப்பு சம்மாட்டி வீட்டு முற்றத்தில். ரீவி, லொறியில் கழற்றிய பற்றறியில் ஓடியது. படம்தான் வரவில்லை, ஒரே புள்ளி.

"அன்ரெனாவைத் திருப்ப ஒருத்தன் தென்னையில ஏற வேணும்," என்றார் சம்மாட்டி. "இஞ்சை வேலையை விட்டவன் ஆர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

உச்சியில் ஒரு கையால் மரத்தையும் மறு கையால் கம்பியையும் பிடித்தேன். கீழே ஆரவாரம். "வருது! யூலிற்றா வருது! அசையாதை!" எனக்குத் தெரிந்தது கடலும் ஒரு காகமும்தான்.

முன்கதிரையிலிருந்து என் மனிசி கூப்பிட்டாள்:

"இஞ்சருங்கோ, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கோ. என்ர மூக்குக் கோணலாத் தெரியுது!"