வாரண்டிக்காக நான் ஆற்றிய உரை

மேடையில் பேசிப் பழகியவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்பவர் பதில் சொல்லாமல் இருந்தால், நம் வாதத்தின் வலிமையில் அவர் வாயடைத்துப் போனார் என்று நம்பிவிடுவோம். அவருக்கு நம் மேல் இரக்கம் வந்திருக்கலாம், அல்லது வெறுமனே பசி வந்திருக்கலாம் என்பதெல்லாம் நமக்குத் தோன்றாது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது இந்த வியாதி எனக்கு முற்றிய நிலையில் இருந்தது. காஞ்சிபுரத்தைச் சுற்றி எங்கே பேச்சுப் போட்டி நடந்தாலும் கோப்பை எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு அகலம் குறைவு. தறிக்குப் போக மிஞ்சிய இடத்தில் கோப்பைகள், கோப்பைகளுக்குப் போக மிஞ்சிய இடத்தில் நாங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுத்துத்தான் கேட்பேன். ("தண்ணி வேணும்னா தண்ணின்னு சொல்லேண்டா, எதுக்கு ஊரக் கூட்டுற?" என்பது அம்மாவின் விமரிசனம்.)

அப்படிப்பட்ட என்னிடம்தான் அக்காவின் மடிக்கணினியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பதுகூடப் பொய். நானாகப் பறித்துக்கொண்டேன்.

அக்கா தேன்மொழி சேலைகளுக்குக் கணினியில் டிசைன் வரைபவள். அவள் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறினால்தான் கரையில் மயிலோ மாங்காயோ முளைக்கும். அந்த வருடம் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்காரர், நாயுடு என்று எல்லாரும் அழைக்கும் மனிதர், முதன்முறையாக அக்காவை நம்பி ஒரு கல்யாணச் சேலையைக் கொடுத்திருந்தார். தை மாத முகூர்த்தம். கரையில் யாளி வரிசை. எந்த யாளியும் பக்கத்து யாளியைப் போல இருக்கக் கூடாதென்று பெண் வீட்டார் நிபந்தனை. அக்கா அதை இரண்டு மாதம் வரைந்து முடித்திருந்தாள். நெய்யப்போவது எங்கள் அப்பா. பாவு நூல் பிணைத்து, தறி தயாராகக் காத்திருந்தது.

ஆயுத பூஜை முடிந்த அதே வாரத்தில் மடிக்கணினி கண்ணை மூடியது. யாளிகள் அத்தனையும் உள்ளே. வேறெங்கும் நகல் கிடையாது.

"வாரண்டி இருக்குது" என்றாள் அக்கா, அழாமல் இருக்க முயன்றபடி.

"வாரண்டி என்பது அவர்கள் நமக்குத் தந்த வாக்கு. வாக்கை நிறைவேற்ற வைப்பது நாவின் பணி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன் நான்.

(அப்பா தறிக்குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "அத கடைலயே கொண்டு குடுத்தா ஆவாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.)

சென்னையில் இருந்த சர்வீஸ் சென்டரில் டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். கவுண்டரில் சுமதி என்ற இஞ்சினியர் மடிக்கணினியை வாங்கி உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்தவர் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "போர்டு போயிருக்குது சார். வாரண்டிலயே மாத்திடலாம். பார்ட் வரணும். ஒரு வாரம் ஆவும்" என்றார்.

அந்த விநோதப் பார்வையை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. போன் செய்தேன். பார்ட் சிங்கப்பூரில் இருந்தது. அடுத்த வாரம் அது கப்பலில் இருந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி சிங்கப்பூரில் இருந்தது. (எப்படி என்று நான் கேட்டேன். 'காத்திருக்கவும்' என்று சொல்லி ஒரு இசையைப் போட்டார்கள். இன்றும் அந்த இசையை எங்கேனும் கேட்டால் என் காது சிவந்துவிடும்.)

வீட்டில் யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அக்கா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அப்பா தறியில் வேலை இல்லாமலேயே குழிக்குள் இறங்கி, வெறும் மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அக்காவின் நடை வேகமெடுக்கும். தீபாவளி வந்தது தெரியும், போனது தெரியாது. நாயுடு சைக்கிளை வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே கேட்பார்: "ஏம்மா, யாளியெல்லாம் எழுந்துக்கிச்சா, இன்னும் தூங்கிக்கினே இருக்குதா? கார்த்திகை பொறந்தா நான் வேற டிசைன் பாத்துக்குவேம்மா. எனக்குச் சேலைதான் முக்கியம், கோவிச்சுக்காத."

நான் மட்டும் மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து உரை தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"போன்ல என்னதாண்டா சொல்றாங்க?" என்று அக்கா கேட்பாள்.

"என் கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இல்லை."

"பதில் எதுக்குடா எனக்கு? நீ பேசினியா, இல்ல அவங்களப் பேச விட்டியா?"

இந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் புரியவே பல வருடங்கள் ஆயின.

கார்த்திகை பிறப்பதற்குச் சில நாட்களே இருந்த ஒரு காலையில், நானும் அக்காவும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் என் உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. முன் சீட்டில் இருந்த பெண்மணி நான் ஏதோ ஸ்லோகம் சொல்வதாக எண்ணித் தன் குழந்தையைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

சர்வீஸ் சென்டரில் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. அத்தனை பேர் மடியிலும் ஒரு செத்த கணினி. அத்தனை முகத்திலும் சலிப்பு. எந்தப் பேச்சாளனுக்கு இப்படி ஒரு சபை கிடைக்கும்? கவுண்டரில் சுமதி என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார், நல்ல வேளை வந்தீங்க..." என்று தொடங்கினார்.

"தயவுசெய்து குறுக்கிடாதீர்கள்!" என்றேன். குரலை மேடைக்கு உயர்த்தினேன். "அவையோரே! காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போன பெருமக்களே!"

நாற்காலிகள் திரும்பின. அக்கா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். மேடையில் என்னை இழுத்து நிறுத்த ஒரு சட்டை போதாது.

வாக்கு என்பது யாது என்று தொடங்கினேன். வணிகம் என்பது நம்பிக்கையின் நெசவு என்றேன். பாவு நிறுவனம், ஊடை வாடிக்கையாளர், இடையில் அறுந்த இழை எது என்று கேட்டேன். பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் "அப்டி கேளு தம்பி!" என்றார். சுமதி மீண்டும், "சார், நான் சொல்றத கொஞ்சம்..." என்றார். "எதிரணியினருக்கு நேரம் பிறகு வழங்கப்படும்" என்று அவரை அமர வைத்தேன். அவர் கண்ணாலேயே என்னவோ சைகை செய்தார். தோல்வியின் தத்தளிப்பு என்று அதற்குப் பொருள் கொண்டேன்.

கைதட்டல் சத்தம் கேட்டுக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் வெளியே வந்தார். "என்ன சார் பிரச்சினை?"

"பிரச்சினை யாருடையது என்பதே கேள்வி! எங்கள் மீது ஒரு பிழை உண்டென்று உங்களால் காட்ட முடியுமா? அந்தக் கணினியை இங்கே, இந்தச் சபையின் முன்னிலையில் திறந்து காட்டுங்கள். எங்கள் பக்கம் ஒரு துளி குற்றம் இருந்தால் இந்த வாரண்டியை நாங்களே துறக்கிறோம்!"

சபை ஆர்ப்பரித்தது. சுமதி, "வேணாம் சார்" என்று மேனேஜரிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை. மேனேஜர், "கொண்டாம்மா, தொறந்துடலாம்" என்றார்.

கவுண்டர் மேல் வைத்துத் திருகாணிகளைக் கழற்றினார்கள். விசைப்பலகையைத் தூக்கினார்கள்.

முதலில் வந்தது பன்னீர் வாசனை.

பிறகு தெரிந்தது மஞ்சள். போர்டின் நட்டநடுவே, காய்ந்து வெடித்த சந்தனம், அதன் மேல் குங்குமம், காற்றாடியின் இறக்கைகளில் அட்சதை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இங்கே நான் விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஆயுத பூஜை அன்று பொட்டில்லாத பொருளே இருக்காது. தறிக்கட்டை, ஊடை நூலை ஓட்டும் நாடா, கத்தரிக்கோல், சைக்கிள், அரிவாள்மனை வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அந்த வருடம் அக்கா கோயிலுக்குப் போயிருந்ததால் அவள் கணினிக்குப் பொட்டு வைக்கும் பணியை நான் ஏற்றேன். மூடிக்கு வைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் தறியில் நெய்கிற இடத்துக்குத்தானே பொட்டு வைக்கிறோம், கணினியில் வேலை நடப்பது உள்ளேயல்லவா என்று எனக்குள் ஒரு தர்க்கம் எழுந்தது. எனவே மூடியைத் திறந்து, பன்னீர் தாராளமாக விட்டுக் குழைத்த சந்தனத்தை எழுத்துக்கு எழுத்து வைத்தேன். பிறகு குங்குமமும் அட்சதையும் தூவி, தீர்த்தமும் தெளித்தேன். மேலே வழிந்ததைத் துணியால் துடைத்தும் வைத்தேன். உள்ளே போனது துணிக்கு எட்டவில்லை. அதற்கும் அது செத்ததற்கும் தொடர்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தறி எந்த வருடம் செத்தது?

"லிக்விட் டேமேஜ்" என்றார் மேனேஜர். "இதுக்கு வாரண்டி கெடையாதுங்களே."

கோப்பைகள் வென்ற நா அப்போதும் அடங்கவில்லை. "ஐயா, இது திரவமல்ல. பிரசாதம்!" என்றேன்.

என் பேச்சு வாழ்க்கையிலேயே அதிகச் சிரிப்பு வாங்கிய வாக்கியம் அதுதான். "அப்டி கேளு தம்பி" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் உள்ளே போனதும் சுமதி என்னைப் பார்த்த பார்வையில் விநோதம் ஏதுமில்லை, சுத்தமான எரிச்சல். "மொத நாளே பாத்துட்டேன் சார். எங்க வீட்லயும் எங்கம்மா மிக்சிக்கு உள்ள பொட்டு வச்சாங்க. பாவம்னு நெனச்சு வாரண்டில எழுதினேன். பார்ட் இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு. அதச் சொல்லத்தான் எழுந்தேன். மத்தியானம் மாட்டிக் குடுத்திருப்பேன்." பெருமூச்சு விட்டார். "எனக்குத்தான் நேரம் பிறகு வழங்கப்படும்னுட்டீங்களே."

நான் பேசவில்லை. அந்த நிமிடம் வரை எனக்கு அறிமுகமில்லாத அனுபவம்.

அக்கா என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "ஏம்மா, ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்குதா?"

"அது ஓரத்துல இருக்குது. அதுல எதுவும் படலம்மா."

"அத மட்டும் கழட்டிக் குடுக்கறியா?"

"ஓ, தரேனே. மொத நாளே கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அந்த நாகரிகத்துக்காக நான் அவளுக்கு ஆயுள் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன்.

உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க்கை முந்தானையில் பொதிந்துகொண்டு அவள் வேகமாக நடக்க, நான் பின்னால் ஓடினேன். பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வரை அவள் முந்தானை முடிச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பதறிப்போய்ப் பார்த்தேன். "பிரசாதமாம்..." என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். இறங்கிய கையோடு நேராக டி.டி.பி. கடைக்குப் போனோம். அங்கே வேறொரு கணினியில் அதை இணைத்தபோது யாளிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. கார்த்திகை பிறந்த அன்று அட்டை ஜக்கார்டில் ஏறியது. நாயுடு அடுத்த சேலையையும் அக்காவிடமே கொடுத்தார்.

என்னிடம் மட்டும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எந்தப் பொறுப்பும் கொடுக்கவில்லை. சில வருடங்கள் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் அக்கா என் காதில் சொன்னாள்: "பொண்ணு புடிச்சிருந்தா தலைய ஆட்டு. வாயத் தொறக்காத. இதுக்கும் வாரண்டி போயிடும்."

தலையை மட்டும் ஆட்டினேன். கேட்டதற்கெல்லாம் ஆட்டினேன். திருமணம் முடிவானது. என் மாமனார் இன்றுவரை உறவினர்களிடமெல்லாம், "எங்க மாப்ள அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு" என்று பெருமையாகச் சொல்லிவருகிறார். அப்போது அக்கா பக்கத்தில் இருந்தால், ஏதோ வேலை இருப்பது போல எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். என் மனைவியும் பின்னாலேயே போவாள். அங்கிருந்து வருகிற சிரிப்புச் சத்தம் எதற்கென்று மாமனார் என்னைக் கேட்பார்.

நான் தலையை ஆட்டுவேன்.