கஜீபனின் முதற் கச்சேரி

கஜீபனின் செத்தவீட்டுக்கு முதலில் வந்தவர் நீர்வேலி அருளம்பலம். தூரத்துச் சொந்தம். ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேநீரும் கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்தவன் கஜீபன்தான்.

"தம்பி... நீ இருக்கிறியோ?"

"ஓம், இருக்கிறன். ஏன்?"

"சாவகச்சேரிச் சந்தையடியில உன்ரை நோட்டீஸ் பாத்தனான்." அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "சரி, கொண்டு வந்திட்டன். நீயும் குடி."

அது செத்தவீட்டு நோட்டீஸ் அல்ல, கஜீபனின் கச்சேரிச் சுவரொட்டி. பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று போடுகிற 'பீப் பீப்' சத்தங்களை வைத்தே அவன் பாட்டுக் கட்டுவான். சிப்டியூன் என்று அதற்குப் பெயர். புத்தூரில் தன் அறைக்குள் இருந்து தானே இசையமைத்து, தானே அட்டைப்படம் வரைந்து, தானே இணையத்தில் ஏற்றி ஐந்து வருடங்கள். போன மாதம் கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் நாலு அவனுடைய தொலைபேசி. யாராவது ஒரு ஆள் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டால் போதும் என்று கனாக் கண்டுகொண்டிருந்தான்.

சுவரொட்டியில் அவன் சிரித்த முகம், பெயர், பாட்டுக் கட்டிய ஆண்டுகளாக '2020 – 2025', ஞாயிறு ஐந்து மணி, மண்டபத்தின் பெயர். இடம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அச்சகக்கார இராசநாயகம் இரண்டு குத்துவிளக்கும் ஒரு தாமரையும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யார்தான் ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்பார்கள்? பார்த்திருந்தால் செத்தது ஐந்து வயதுக் குழந்தை.

கஜீபன் அச்சகத்துக்கு ஓடினான்.

"பிழை என்னிலதான் தம்பி. இப்பவே திருத்துவம்."

மேலே ஒட்ட ஒரு துண்டு அடித்துக் கொடுத்தார் இராசநாயகம்: 'கஜீபன் எம்மோடுதான் இருக்கிறார்.'

சைக்கிளில் ஊர் ஊராகப் போய், சுவரொட்டிகளில் தன் நெற்றியில் தானே ஒட்டினான். அடுத்த நாள் ஒவ்வொன்றுக்கும் மாலை விழுந்திருந்தது.

'நான் சாகவில்லை, என் பாட்டைக் கேளுங்கள்' என்று முகநூலில் எழுதினான். அவன் வீட்டு ஆக்கள் யாரோ அவன் பெயரில் எழுதுகிறார்கள் என்று சனம் நினைத்து அழுதது. பாட்டைக் கேட்டவர்கள் ஒன்பதாயிரத்தைத் தாண்டினார்கள்.

மத்தியானம் முழுதும் படுத்திருந்து அஞ்சலிகளை வாசித்தான். 'நட்சத்திரங்கள் தங்களுக்குள் கதைப்பது போல இருக்கிறது' என்று முன்பின் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தாள். கட்டில் மெல்ல நிலத்தை விட்டுக் கிளம்பி, வெங்காயத் தோட்டங்களுக்கு மேலால் மிதந்து போனது. செத்துப்போவது இவ்வளவு சுகம் என்று அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

"அண்ணை, மேடையில ஏறினியள் எண்டால் சனம் பேய் எண்டு எழும்பி ஓடும்," என்றாள் தங்கை ஆரபி.

"ஓடாது. வாசிச்சால் தெரியும்தானே, நான்தான் எண்டு."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லோரும் வெள்ளை உடுத்திருந்தார்கள். கஜீபன் ஒலிவாங்கியைப் பிடித்து "நான்..." என்றதும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"இரண்டு நிமிட மௌன அஞ்சலி!"

சபை எழுந்தது. மரியாதைக்கு அவனும் தலையைக் குனிந்து நின்றான்.

சபை அமர்ந்ததும் ஒலிவாங்கியை வைத்துவிட்டுக் கேம் பெட்டியை எடுத்தான். வாசித்தான். தகரத்தில் முதல் தூறல் விழுவது போலச் சின்னச் சின்னச் சத்தங்கள் விழுந்தன. சுவர்கள் கரைந்து, மண்டபம் மெல்ல நீரேரியில் இறங்கிப் போவதாக இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. கேட்கிறார்கள், முழுதாகக் கேட்கிறார்கள்.

முடிந்ததும் ஒரு அம்மா கண்களைத் துடைத்தபடி மேடைக்கு வந்து, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மூண்டு நாளா இந்தப் பாட்டுகள்தான் தம்பி கேக்கிறன். நீங்களும் நல்லாத்தான் வாசிக்கிறியள். குறை நினையாதேங்கோ... செத்துப்போன உங்கடை அண்ணை மாதிரி வரேல்லை."