ஐஸில் குடியேறிய ஏழு பேர்

மனித குலத்தின் மகத்தான தீர்மானங்கள் எல்லாம் இருந்தால் குண்டி நோகும் மர வாங்குகளுக்கு முன்னால்தான் எடுக்கப்படுகின்றன. எங்கள் மீள்குடியேற்றக் கந்தோரில் அப்படியொரு வாங்கு இருக்கிறது. முந்தினநாள் முழுக்க ஊரார் வீடுகளுக்குச் சீமெந்துக் கல் சுமந்த முதுகோடு அதில் இருந்தேன். பக்கத்தில் சுகந்தினி. வெள்ளாங்குளத்தில் என் தகரக் கொட்டிலுக்கு அடுத்த தகரக் கொட்டில்காரி. "அண்ணை, ஒருக்கா துணைக்கு வாங்கோ" என்று கேட்டபடியால் வந்தேன். வந்தபடியால் வரலாற்றைக் கண்டேன்.

சுகந்தினிக்கு முப்பத்தெட்டு வயது. புருசன் கனகசிங்கம் கட்டாரில் கம்பி கட்டுகிறான்; இரண்டு வருசத்துக்கு ஒருக்கால்தான் லீவு. வயது லீவு பார்த்து நிற்காது என்று சுவிசில் இருக்கும் தமக்கை காசு அனுப்ப, கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுடைய கருமுட்டைகளை எடுத்தார்கள். முற்றாதவற்றைக் கண்ணாடித் தட்டில் வைத்து முற்றப்பண்ணி, உறையவைத்துப் பூட்டிவிட்டார்கள். மொத்தம் ஏழு. தையில் கனகசிங்கம் வருகிறான். உறைந்ததை இளக்கிக் கருவாக்கி வயிற்றில் வைக்க டொக்டர் நாளும் சொல்லிவிட்டார். சுகந்தினிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு கல்வீடு.

"தகரத்துக்குள்ளை நானே அவியிறன் அண்ணை. பிள்ளையையும் வைச்சு அவிக்கவோ?"

ஆனால் அரசாங்க வீட்டுத்திட்டம் விஞ்ஞானபூர்வமானது; புள்ளி கூடினவருக்குத்தான் வீடு. பிள்ளைக்குப் புள்ளி உண்டு. வெளிநாட்டுப் புருசன் "தற்காலிகமாக இல்லாதவர்", புள்ளி இல்லை. தனிய இருப்பவள் "குடும்பம்" அல்ல. பிள்ளை பெற வீடு வேணும், வீடு பெறப் பிள்ளை வேணும். இவ்வளவு உறுதியான அத்திவாரத்தை இருபது வருசக் கூலி வேலையில் நான் எங்கும் வெட்டியதில்லை.

உத்தியோகத்தர் யசோதரன் ஃபானைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, மிகுந்த கரிசனையோடு கேட்டார்.

"தங்கச்சி, தங்கி வாழ்வோர் எத்தினை பேர்?"

"ஏழு இருக்கு, ஐயா."

"ஏழு பிள்ளையளோ! முதல்லையே சொல்லியிருக்கலாமே. எங்கை அவை?"

"கொழும்பிலை. ஐஸிலை."

அவள் விளங்கப்படுத்தி முடிய, யசோதரன் பேனையை மூடினார். இது தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று "விசேட கூட்டம்" ஒன்றைக் கூட்டினார். கூட்டம் என்றால் அவரும், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் சிவக்கொழுந்தரும், ஒரு தட்டு விசுக்கோத்தும்.

"முட்டை எண்டால் வாழ்வாதாரத் திட்டத்திலை போடலாமே," என்றார் சிவக்கொழுந்தர். "கோழிக்கூடு ஒண்டு கைவசம் கிடக்கு."

"இது மனிச முட்டை, தலைவர்."

"மனிச முட்டைக்கும் கூடு வேணும்தானே?"

"அதைத்தான் ஐயா நானும் கேக்கிறன்," என்றாள் சுகந்தினி.

யசோதரன் பேனையைத் திறந்தார். "பிறந்த திகதி?"

"இன்னும் பிறக்கேல்லை."

"அப்ப பதினெட்டு வயசுக்குக் குறைவு." எழுதிக்கொண்டார். ஏழு புள்ளியும் விழுந்துவிடும்போல இருந்தது. என் முதுகுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது.

"இப்ப அவை இருக்கிற இடம் எப்பிடி?"

"தாங்கி ஒண்டு. குளிர் குறையாமல் நைதரசன் ஊத்துவினம். ராப்பகலா ஆள் நிண்டு பாக்கும்."

"கூரை ஒழுகுதோ?"

"ஒழுகாது."

"நிரந்தரக் கட்டடமோ?"

"அஞ்சு மாடி, ஐயா."

யசோதரன் சிவக்கொழுந்தரைப் பார்த்தார். சிவக்கொழுந்தர் விசுக்கோத்தைப் பார்த்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: விண்ணப்பதாரியின் குடும்ப உறுப்பினர் எழுவர் கொழும்பு மாவட்டத்தில், நிரந்தரக் கட்டடத்தில், தகுந்த பாதுகாப்புடன் ஏற்கெனவே குடியேறியுள்ளபடியால், இக்குடும்பம் "வீடற்ற குடும்பம்" ஆகாது.

எட்டுப் பேரில் ஏழு பேருக்கு வீடு. எண்பத்தேழரை வீத வெற்றி. எந்த நாட்டு மீள்குடியேற்றம் இப்படி வென்றிருக்கிறது?

"அப்ப நான்?"

"நீங்களும் அங்கை போய் இருக்கலாம்தானே, தங்கச்சி."

"அந்தத் தாங்கிக்குள்ளையோ?"

"அது ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடை கதைக்கவேண்டிய விசயம்."

சுகந்தினி எழும்பினாள். "ஐயா, நான் தானம் கேட்டு வரேல்லை. அப்பா கட்டின மூண்டு அறைக் கல்வீடு எங்களுக்கு இருந்தது. சண்டை முடிஞ்சு நாங்கள் முகாமிலை அடைபட்டுக் கிடக்கேக்கை ஆமிக்காரர் அதை உடைச்சு, கல்லைக் காவலரணுக்கு அடுக்கிப்போட்டினம். றோட்டாலை போகேக்கை அந்தக் காவலரணிலை எங்கட குசினிச் சுவரின்ர பச்சைப் பெயின்ற் இப்பவும் தெரியுது. அதுக்கு எத்தினை புள்ளி?"

யசோதரன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்கு இடம் இல்லை. விசுக்கோத்துத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

கந்தோரை நான் குறை சொல்லமாட்டேன். பிறக்காத பிள்ளைகளுக்கே வீடு கண்டுபிடித்த கந்தோர் அது. தையில் கனகசிங்கம் வருவான். டொக்டர் சொன்ன நாளும் வரும். சுகந்தினிக்கு இந்த அரசாங்கம் மூன்று அறையும் குசினியும் உள்ள கல்வீடு ஒன்று கடன்பட்டிருக்கிறது. இன்னும் தரவில்லை.